லாரி போய்விட்டது, மஞ்சள் இருக்கிறது

சாலையில் கோடு போடுவது என் வேலை. பத்தொன்பது வருடமாக உலகத்தைக் குனிந்தபடியே பார்த்துவருகிறேன். நீங்கள் போகிற சாலையில் வெள்ளைக் கோடு நேராக இருந்தால் அது என் கைவேலை. வளைந்திருந்தால் அன்றைக்கு எனக்கு இடுப்பு வலி.

எழுத்து எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது, அதுவும் தரையிலிருந்து வந்தது. எழுத்து வெட்டிய தகரத் தகடுகள் தருவார்கள். தகட்டைத் தரையில் வைத்துப் பெயிண்ட் அடித்துத் தூக்கினால் கீழே ஒரு சொல் மல்லாந்து படுத்திருக்கும். முதலில் 'நில்' வந்தது. பிறகு 'மெதுவாக', 'வழி விடு', 'ஆபத்து', 'முன்னால்', 'லாரி', 'திரும்பாதே'. ஏழு சொல்லோடு என் படிப்பு வெகுகாலம் நின்றது. ஏழும் அதட்டல். அன்பாக ஒரு வார்த்தையைச் சாலையில் எழுதச் சொல்லி யாரும் தகடு வெட்டித் தருவதில்லை.

கோடு போடுவது நான் என்றாலும் எங்கே போடுவது என்று சொல்வது சாலைப் பகிர்வு நல்லுறவு வாரியம். அவர்கள் உத்தரவுத் தாள் வராமல் ஒரு சாண் கோடு இழுத்தாலும் மறுநாள் என் வாளியை வேறு ஒருவன் தூக்குவான்.

எங்கள் ஊரில் கிடங்கு முனை என்று ஒரு திருப்பம் உண்டு. ஒரு பக்கம் சரக்குக் கிடங்குகள், மறு பக்கம் தையல் ஆலை. காலை எட்டரைக்கு லாரிகள் சரக்கு ஏற்ற அங்கே திரும்பும். அதே எட்டரைக்குத் தையல் ஆலைப் பெண்கள் மொபெட்டில் அங்கே வந்து சேர்வார்கள். என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. ஆலைக்கு வேறு வழி கிடையாது.

ஒருநாள் சிக்னலில் பதினாறு சக்கர லாரி ஒன்றின் இடப்பக்கத்தை ஒட்டி நின்றிருக்கிறாள். பச்சை விழுந்ததும் லாரி இடப்பக்கமே திரும்பியது. நீள வண்டி திரும்பும்போது முன்சக்கரம் தாராளமாகச் சுற்றிப் போகும், பின்சக்கரம் மூலையை அரிந்துகொண்டு வரும். வந்தது. மனைவி மொபெட்டைப் போட்டுவிட்டு நடைபாதைக்குத் தாவினாள். மொபெட்டுக்குக் கண்ணாடி போனது. கொக்கியிலிருந்து தெறித்து விழுந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மீது பின்சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை தவறாமல், ஏறி இறங்கின. சாயங்காலம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கதவிடுக்கில் செருகலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலமே அந்த லாரிக்காரர் புது டிபன் பாக்ஸ் ஒன்றோடு வீடு தேடி வந்தார். பதினாறு சக்கரம் ஓட்டுவதால் அவரைப் 'பதினாறு' என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். வாசலிலேயே நின்றார்.

"அக்கா, சத்தியமா நீங்க நின்னது எனக்குத் தெரியவே இல்ல."

"தெரியலையா? நான் என்ன கொசுவா? தலையில இவ்வளவு பெரிய செகப்பு ஹெல்மெட் வச்சிருக்கேன்!"

"அந்த எடத்துல யானை நின்னாலும் தெரியாதுக்கா. ஞாயித்துக்கெழம வண்டி சும்மாதான் நிக்கும். ஏறிப் பாருங்க, அப்புறம் திட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை போனோம். மனைவி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். நான் மொபெட்டைத் தள்ளிக்கொண்டுபோய் லாரியின் இடப்பக்கம் நின்றேன்.

"ஏங்க, வந்து நில்லுங்கன்னா எங்க போயிட்டீங்க?"

"இங்கதான் நிக்கறேன்!"

"எங்க?"

"கதவுக்குக் கீழ!"

"குரல் மட்டும் வருது, ஆளக் காணோமே." மேலே அவள் இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள்: "கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒரு நிம்மதி எனக்குக் கெடச்சதே இல்ல."

நான் மொபெட்டை முன்னால் தள்ளினேன். லாரியின் மூக்கைத் தாண்டி நாலு எட்டு வைத்த பிறகுதான் அவள் கத்தினாள்: "ஆங், தெரியறீங்க! சட்டைப் பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க, அதுகூடத் தெரியுது."

பதினாறு சொன்னார்: "அவ்வளவுதான்க்கா விஷயம். பக்கத்துல வந்தா என் கண்ணாடியப் பாருங்க. அதுல என் மூஞ்சி தெரிஞ்சா உங்க மூஞ்சி எனக்குத் தெரியும். தெரியலன்னா, என்னப் பொறுத்தவரைக்கும் நீங்க இன்னும் பொறக்கவே இல்ல."

"அப்ப நாங்க முன்னால நாலு எட்டு தள்ளி நின்னா?"

"நான் ராஜா மாதிரி ஓட்டுவேன். லாரிக்குப் பின்னால ஒரு கோடு, மொபெட்டுக்கு முன்னால ஒரு கோடு. நீங்க மொதல்ல போங்க, நான் அப்புறம் திரும்பறேன்."

மூன்று பேர், கால் மணி நேரம், பிரச்சினை தீர்ந்துவிட்டது. தீர்ந்த பிரச்சினையை வாரியத்திடம் கொண்டுபோனதுதான் நான் செய்த பிழை.

மனு நானே எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். மனைவி ஆலையில் துணி வெட்ட விரிக்கும் காகிதச் சுருள் ஒன்று கொண்டுவந்தாள். சின்ன எழுத்து எனக்கு அப்போது வராது. தகடு வைத்துத்தான் எழுதுவேன். சாலை எழுத்து ஓடுகிற வண்டியிலிருந்து படிப்பதற்காக நெட்டையாக இழுத்து வெட்டியிருக்கும், ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீளம். ஏழு சொல்லையும் எழுதி முடித்தபோது மனு கூடத்தைத் தாண்டி, சமையலறை வழியாகக் கொல்லைக்குப் போய்விட்டது. பாய் போல் சுருட்டி, சப்பிப்போன டிபன் பாக்ஸைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு, மொபெட்டில் வாரியத்துக்குக் கிளம்பினேன்.

வாரியத்தின் வாசலில் இரண்டு பலகைகள். ஒன்று: 'பெரியதும் சிறியதும் சாலையில் சமம்.' அதற்குக் கீழே: 'இருசக்கர வாகனங்கள் உள்ளே வரக் கூடாது.'

மொபெட்டை வெளியே விட்டு, மனுவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். இயக்குநர் அறையில் அதை விரித்தேன். அறை போதவில்லை. நடையில் விரித்தோம். ஆறு மேசை தள்ளி, மூன்று எழுத்தர்களைச் சுவரோரம் நிறுத்தி, கடைசிச் சொல் மாடிப்படியில் போய் இறங்கியது. பக்கத்தில் நின்று பார்த்தால் வெறும் கறுப்புப் பட்டைதான் தெரியும். இயக்குநர் முதலில் நாற்காலி மேலும், பிறகு மேசை மேலும் ஏறிப் படித்தார்.

"முன்னால் ஆபத்து. லாரி. நில். வழி விடு. மெதுவாக. திரும்பாதே." இறங்கவில்லை. மேலேயிருந்தே கேட்டார்: "இதுல 'மாண்புமிகு இயக்குநர் அவர்களுக்கு'ங்கறது எங்க?"

"அந்தத் தகடு எங்கிட்ட இல்லீங்கய்யா."

"'பணிவுடன்'?"

"அதுவும் இல்லீங்க. சாலையில அந்தச் சொல் பொழங்கறதில்ல."

அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். ஆனால் மேசை மேல் நிற்பது அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. "பன்னெண்டு வருஷ சர்வீஸ்ல ஒரு மனுவ முழுசாப் படிச்சது இதுதான் முதல் தடவ. வர்ற வெள்ளிக்கெழம இருதரப்புக் கூட்டம் போடுவோம்" என்றார். டிபன் பாக்ஸை வாங்கி, பின்னால் திருப்பிப் பார்த்து, 'தட்டு ஒன்று, எவர்சில்வர்' என்று பதிவேட்டில் ஏற்றினார்கள். நான் கிளம்பும்போது அதன் மேல் நான்கு டம்ளர் டீ போய்க்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே போய்விட்டேன். கனரக வாகனத் தரப்புக்கு ஆறு சாய்வு நாற்காலி. இருசக்கரத் தரப்புக்கு ஒரு முக்காலி. சிறிய வண்டிக்குச் சிறிய இருக்கை, அதுதான் விகிதாசாரம் என்று வாரியத்தின் அளவுக்காரர் விளக்கினார். கழுத்தில் அளவு நாடா தொங்கும் மனிதர். அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. முக்காலியை இயக்குநரின் பெரிய நாற்காலிக்கு இடப்பக்கம், கைப்பிடிக்குக் கீழே போட்டிருந்தார்கள்.

இயக்குநர் எழுந்து பேசினார்.

"நண்பர்களே! சாலை எல்லோருக்கும் பொது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் பொது என்று எந்த விதியிலும் சொல்லப்படவில்லை. இருசக்கர வாகனத்தாரின் வேதனையை நான் நன்கு அறிவேன். என் காரின் கண்ணாடி கறுப்பு. இருந்தும் அவர்கள் வந்து இடிக்கும்போது எனக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான் வருந்தியிருக்கிறேன், காருக்காக மட்டுமல்ல."

ஆறு நாற்காலிகளும் கை தட்டின. மூன்று மணி நேரம் பேசினார். அதில் இரண்டு மணி நேரம் வாரியத்தின் புதுக் கட்டடம் பற்றியது. கடைசியில் பெருமூச்சு விட்டார்.

"இத்தனை அக்கறையோடு நாம் கூட்டிய கூட்டத்துக்கு இருசக்கரத் தரப்பு வராதது வருத்தம் அளிக்கிறது. குறித்துக்கொள்ளுங்கள்."

"ஐயா, வந்திருக்கேன்."

"யாரு பேசறது?"

"நான்தான்யா. இங்க, கீழ."

அவர் வலப்பக்கம் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அளவுக்காரரைப் பார்த்தார். எனக்குப் பதினாறு சொன்னது ஞாபகம் வந்தது. நான் இருந்த இடத்திலிருந்து இயக்குநரின் காது மடல்தான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு முன்னால் போய் அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

"ஓ! எப்ப வந்தீங்க?"

"ஒம்பது மணிக்குங்கய்யா."

"இப்ப மணி பன்னெண்டு. தாமதம்னு குறிச்சுக்கங்க."

நான் இரண்டு கோட்டைப் பற்றிச் சொன்னேன். லாரிக்கு ஒன்று, நாலு எட்டு முன்னால் மொபெட்டுக்கு ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து அரை வாளி பெயிண்ட்.

அளவுக்காரர் சிரித்தார். "கோடு பழைய முறை. பிரச்சினை எங்கே இருக்கிறது? ஓட்டுநரின் கண் படாத பகுதியில். அதை ஏன் மக்கள் தவிர்ப்பதில்லை? அது எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆகவே அதற்கு மஞ்சள் வண்ணம் அடித்துவிடுவோம். பெயர், 'கண்படாப் பகுதி'. மஞ்சளில் யாரும் நிற்கக் கூடாது. முடிந்தது."

அறை எழுந்து நின்று கை தட்டியது. எனக்கும் ஒரு கணம் நியாயமாகவே பட்டது. படித்தவர்கள் நடுவில் மூன்று மணி நேரம் முக்காலியில் உட்கார்ந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

திங்கட்கிழமை பதினாறின் லாரியைக் கிடங்கு முனை சிக்னலில் நிறுத்தினார்கள். அளவுக்காரர் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டார். நான் மஞ்சள் வாளியோடு லாரியைச் சுற்றி வந்தேன்.

"தெரியறேனாய்யா?"

"தெரியல! அடி மஞ்சள்!"

"இப்ப?"

"தொப்பி தெரியுது! தொப்பியக் கழட்டு!"

"கழட்டிட்டேன்யா."

"இப்ப தெரியல! அடி!"

மத்தியானம் வரைக்கும் அடித்தேன். இடப்பக்கம் நீளமாக, பின்னால் விசிறி போல, முன்னால் மூக்குக்குக் கீழே ஒரு துண்டு. உண்மையைச் சொன்னால் என் வாழ்க்கையிலேயே அழகாக அமைந்த வேலை அது. வாரியம் வெட்டித் தந்த புதுத் தகட்டை வைத்து, சுற்றிலும் 'கண்படாப் பகுதி, நில்லாதே' என்று எழுதியும் முடித்தேன். பெயிண்ட் காய்ந்ததும் பதினாறு தலையை நீட்டினார்.

"கோட்டண்ணே, சரக்கு ஏத்தணும், நான் கெளம்பறேன்."

லாரி போய்விட்டது. தரையில் மஞ்சள் மட்டும் இருந்தது, நடுவில் லாரி வடிவத்தில் வெறும் தார்.

"ஐயா, லாரி போயிருச்சுங்களே" என்றேன்.

"போகட்டும்."

"கண்படாப் பகுதியும் அதோட போயிருக்குமேய்யா?"

அளவுக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அது எப்படிய்யா போகும்? பெயிண்ட்தான் காஞ்சிருச்சே."

மறுநாளே முதல் சுற்றறிக்கை வந்தது: லாரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மஞ்சளில் மொபெட் நிற்கக் கூடாது. கண்காணிக்க ஒருவரைச் சீட்டியோடு நிறுத்தினார்கள். மஞ்சளை மிதித்தவர்கள் சுற்றறிக்கையை உரக்கப் படிக்க வேண்டும். ஆளில்லாத சாலையில், லாரி வாசனையே இல்லாத உச்சி வெயிலில், பால்காரர் ஒருவர் மூன்றாம் பத்தியில் திக்கித் திணறியதை நானே கேட்டேன்.

இரண்டாம் சுற்றறிக்கை: லாரிகள் நடுவிலுள்ள வெற்றிடத்தில் மட்டும், அச்சாகப் பொருந்தி, நிற்க வேண்டும். குட்டை லாரிகள் பொருந்தவில்லை. மிச்சமிருக்கும் கண்படாப் பகுதியை என்ன செய்தார்கள் என்று அவர்களிடம் விளக்கம் கேட்கப்பட்டது. நெட்டை லாரிகளுக்கு வால் வெளியே நீண்டது. அதற்கு ஒரு மஞ்சள் பாய் வாங்கி என்னிடம் கொடுத்தார்கள். வால் நீண்டால் நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் பாய் விரிக்க வேண்டும். லாரி நகர்ந்தால் பாயை இழுத்துக்கொண்டு கூடவே ஓட வேண்டும். ஓடும்போது, கண்படாப் பகுதி லாரியோடு சேர்ந்துதான் போகிறது என்பதை வாரியம் இப்போதாவது கண்டுபிடித்துவிடும் என்று ஆசைப்பட்டேன். பாய்க்கு எண் போட்டார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் சுற்றறிக்கையின்படி தண்ணீர் லாரி, மணல் லாரி, பேருந்து எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கண்படாப் பகுதி அளந்தார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடித்து அடித்து, கிடங்கு முனை முழுக்க மஞ்சளாகிவிட்டது. மிஞ்சியது இரண்டே இடம். சிக்னலை ஒட்டி, சாலையின் நெற்றியில், அந்த முதல் லாரியின் வெற்றிடம் ஒன்று. மஞ்சளுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒன்றரை அடி ஓரம் ஒன்று. அந்த ஓரம் மொபெட்டுகளுக்காம்.

இங்கே கொஞ்சம் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறேன். லாரி திரும்பும்போது பின்சக்கரம் அரிந்துகொண்டு வருவது சரியாக அந்த ஒன்றரை அடியில்தான்.

ஒரு சாயங்காலம் மனைவி முழங்கை சிராய்ப்போடு வந்தாள். சட்டைக் கையில் டயர்க் கறுப்பு. புது டிபன் பாக்ஸில் ஒரு பக்கம் சொட்டை விழுந்திருந்தது. தட்டைப் போட்டாள், சோற்றைப் போட்டாள், பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"ஏங்க, அடுத்த தடவ டப்பா இல்ல. நான்தான்."

அவள் எதற்கும் கேலி பேசுகிறவள். அன்று பேசவில்லை. நான் தட்டைத் தள்ளிவைத்தேன். பத்தொன்பது வருடம் குனிந்து போட்ட கோடு எல்லாம் யாருக்காக என்று நினைத்துக்கொண்டு கையைக் கழுவினேன்.

மறுநாள் காலை பாயோடு நான் முனையில் நின்றிருந்தேன். சிக்னல் சிவப்பு. லாரி இன்னும் வரவில்லை. மனைவி மொபெட்டை ஓட்டிக்கொண்டு நேராக அந்த வெற்றிடத்துக்குள் போய், அதன் நெற்றியில், நடுநாயகமாக நிறுத்தினாள். சீட்டிக்காரர் மூச்சு முட்ட ஊதினார்.

"ஏம்மா! அங்க நிக்கக் கூடாது!"

"எங்க நிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு?"

"மஞ்சள்ல!"

"நான் நிக்கறது என்ன கலரு?"

அவர் குனிந்து பார்த்தார். சுற்றறிக்கையைப் புரட்டினார். மறுபடி குனிந்து பார்த்தார். "கறுப்பு."

"அப்புறம் என்ன? ஊதி ஊதி மூச்சு வாங்குது, தண்ணி குடிங்கண்ணே."

பின்னால் வந்த தையல்காரிகள் ஒருத்தி பின் ஒருத்தியாக நுழைந்தார்கள். இருபத்து மூன்று மொபெட். ஒரு லாரி நிற்கும் இடத்தில் இருபத்து மூன்று மொபெட் தாராளமாக நிற்கும் என்று அன்றுதான் ஊர் தெரிந்துகொண்டது. பதினாறு வந்தார். நிற்க இடமில்லாமல் அவர்களுக்குப் பின்னாலேயே நிறுத்தினார். முன்கண்ணாடி வழியாகப் பார்த்தார். சிவப்பு ஹெல்மெட், பச்சை ஹெல்மெட், நீலம், அத்தனையும் அவர் முன்னால் கொலு வைத்த மாதிரி. கையைத் தூக்கிக் காட்டினார். மனைவி திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினாள். பச்சை விழுந்தது. மொபெட்டுகள் முதலில் பறந்தன. லாரி அப்புறம் ராஜா மாதிரி திரும்பியது.

ஒரு மாதம் இப்படியே போனது. ஒரு சிராய்ப்பு இல்லை, ஒரு சொட்டை இல்லை. ஆகவே வாரியம் விழித்துக்கொண்டது.

'கனரக வாகன வெற்றிடத்தில் இருசக்கர வாகனங்களின் ஆக்கிரமிப்பு' என்று கடிதம் வந்தது. வெற்றிடத்தையும் மஞ்சளால் நிரப்பித் திட்டத்தைப் பூர்த்தி செய்வார்கள், இயக்குநர் நேரில் வந்து தொடங்கிவைப்பார். பெயிண்ட் அடிக்க வேண்டியவன் நான்.

"அடிக்கலைன்னா?" என்றாள் மனைவி.

"வேலை போயிரும்."

"அடிச்சா?"

நான் அவள் முழங்கைத் தழும்பைப் பார்த்தேன்.

விழா காலை எட்டரைக்கு. முதல் சிக்கல் மேடை. முனை முழுக்க மஞ்சள், மஞ்சளில் எதுவும் நிற்கக் கூடாது. வெற்றிடத்தில் வழக்கம்போல் இருபத்து மூன்று மொபெட்டும் நிற்கின்றன, சிவப்பு விழுந்திருப்பதால் நகர்த்த முடியாது. அளவுக்காரர் நாடாவைப் பிசைந்துகொண்டு நின்றார். இயக்குநரின் கறுப்புக் கார் வந்து, வாரிய வாகனத்துக்கு விதி பொருந்தாது என்பதால், பதினாறின் லாரிக்கு இடப்பக்கம் மஞ்சளில் சொகுசாக நின்றது. இயக்குநர் இறங்கினார். நிமிர்ந்து லாரியைப் பார்த்தார். மனுவைப் படித்த நாளிலிருந்தே உயரம் என்றால் அவருக்கு ஒரு மயக்கம்.

"மேடை எதுக்கு? நான் மேல ஏறிப் பேசறேன்."

ஏறினார். பதினாறு இருக்கையில் உட்கார்ந்தபடியே ஒதுங்கி இடம் விட்டார். மைக்கை மேலே நீட்டினார்கள். ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலை ஒரு தட்டில் வைத்து அளவுக்காரர் கீழே பிடித்துக்கொண்டு நின்றார். முன்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது: "ஐயையோ, அது என் டிபன் பாக்ஸு!"

இயக்குநர் தொடங்கினார்.

"பெருமக்களே! இந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது சாலையில் எந்தப் பிரச்சினையும் எனக்குத் தெரியவில்லை. இதுவே வாரியத்தின் வெற்றி. ஆக்கிரமிப்பாளர்கள் என் கண் முன்னாலேயே நிற்கிறார்கள். ஒவ்வொருவரையும் தெளிவாகப் பார்க்கிறேன். அந்தச் சிவப்புத் தொப்பி அம்மாள் கொட்டாவி விடுவதுகூடத் தெரிகிறது. இவர்கள் இனிமேல் சட்டப்படி, என் காருக்குப் பக்கத்திலே இருக்கும் அந்த ஓரத்தில்..."

இடப்பக்கம் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"என் கார் எங்க?"

மைக் அதை ஊருக்கே சொன்னது.

"இங்கதானே நிறுத்தினேன்! காரக் காணோம்! வாரியக் காரத் திருடிட்டாங்க!"

கீழே காரோட்டி பதறிப்போய் ஹாரனை அடித்தார். "ஐயா! இங்கதான் இருக்கேன்!"

"குரல் மட்டும் கேக்குது! எங்கய்யா கொண்டுபோய் வச்சிருக்கீங்க?"

"நகரவே இல்லீங்கய்யா! கதவுக்குக் கீழ!"

மனைவி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உரக்கக் கேட்டாள்: "ஐயா, அந்தக் கண்ணாடியில உங்க காரோட்டி மூஞ்சி தெரியுதா பாருங்க!"

"தெரியலையேம்மா!"

"அப்ப அவருக்கும் உங்களத் தெரியாது. இப்ப இந்த லாரி திரும்புச்சுன்னா உங்க கார் என்ன ஆகும்னு, அதோ அந்தத் தட்டப் பாத்துக்கங்க!"

ஊரே தட்டைப் பார்த்தது. அளவுக்காரர் அதன் மேலிருந்த கத்தரிக்கோலை மெல்ல எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துச் சிக்னலில் பச்சை விழுந்தது. பதினாறு முகத்தை வெள்ளந்தியாக வைத்துக்கொண்டு, கியரில் கை வைத்துக் கேட்டார்:

"பச்ச விழுந்திருச்சுங்கய்யா. திரும்பட்டுமா?"

"நில்!" என்று அலறினார் இயக்குநர்.

என் ஏழு சொல்லில் முதல் சொல். வாரியம் அதை உச்சரித்து நான் கேட்டது அன்றுதான்.

"கார முன்னால கொண்டுவரச் சொல்லுங்க! முன்னால! இன்னும்!"

மொபெட்டுகள் நாகரிகமாக ஒதுங்கி வழிவிட்டன. கார் லாரியின் மூக்கைத் தாண்டி நாலு எட்டு முன்னால் போனதும் இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தெரியுது! இப்ப தெரியுது! யாருய்யா கோட்டுக்காரன்? அந்த எடத்துல ஒரு கோடு போடு! லாரிக்கு இங்க, பின்னால ஒண்ணு! என் கார் இனிமே அங்கதான் நிக்கணும்!"

"தாள் வேணுங்களேய்யா" என்றேன். பழக்கதோஷம்.

தாள் மேலேயிருந்து பறந்து வந்தது. அதன் மை காய்வதற்குள் நான் இரண்டு கோட்டையும் இழுத்துவிட்டேன். இரண்டுக்கும் சேர்த்து அரை வாளி. அன்று எனக்கு இடுப்பு வலி இல்லை.

அந்த இடத்தில் இப்போது ஒரு பலகை இருக்கிறது: 'இயக்குநர் கார் முன்நிற்கும் கோடு. இயக்குநர் வராத நேரங்களில் பிற சிறு வாகனங்களும் நிற்கலாம்.' பயந்துபோன இயக்குநர் அதற்குப் பிறகு அந்த வழியாக ஒருநாளும் வரவில்லை. மஞ்சளை லாரிகளே மிதித்து மிதித்து அழித்துக்கொண்டிருக்கின்றன. டிபன் பாக்ஸைத் திருப்பிக் கேட்டு மனைவி எழுதினாள். அது வாரியத்தின் இருப்புப் பதிவேட்டில் தட்டாக ஏறிவிட்டதால், தட்டு என்று குறிப்பிட்டு மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னார்கள்.

"உன் கோட்டுக்கு அந்தாள் பேரு வச்சிருக்காங்களே, உனக்குக் கோபமே வரலையா?" என்று கேட்டேன்.

"பேரு எங்க வேணா இருக்கட்டும். கோடு எங்க இருக்குங்கறதுதான் எனக்கு."

சாயங்காலம் மொபெட் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போகிறேன். முதலில் கொக்கியைத்தான் பார்ப்பேன். டிபன் பாக்ஸ் உருண்டையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

"பொண்டாட்டி வந்து நிக்கறேன், மனுஷன் டப்பாவப் பாக்கறாரு" என்பாள் அவள்.

"நாலு எட்டு முன்னால வா" என்பேன்.

வருவாள்.

"ஆங், இப்ப தெரியுற."